மூன்றரை வரி

மூன்றரை வரிதான் இருந்தது. ராக்கியண்ணன் விரலை வைத்து மறுபடியும் எண்ணினார். மேலே ஆஸ்பத்திரி முத்திரை, அதற்குக் கீழே பேர், வயது, நம்பர், அதெல்லாம் சேர்த்தியில்லை, எல்லோருக்கும் அதே. கோடு போட்டதற்குக் கீழே வருவதுதான் விஷயம், அது மூன்றரை வரி. அவருக்கு முன்னால் ஜன்னலில் கை நீட்டி வாங்கிப்போன வேட்டிக்காரருக்குத் தாள் நிறைய எழுத்து, அதற்கும் முன்னால் பர்தா போட்ட பெண்ணுக்கு இரண்டு தாள், மூலையில் பின் அடித்து. இவருக்கு மட்டும் இவ்வளவுதானா. இங்கிலீசு எழுத்து அவருக்கு ஆகாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான், அதுவும் பஸ் போர்டில் எழுதுகிற மாதிரி பெரிதாக இருந்தால். "நல்லபடியா இருக்குதுங்களா?" என்று ஜன்னலில் கேட்டார். "அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது பெரியவரே. கர்ப்பப்பை ஓபியில காட்டுங்க. நகருங்க, நகருங்க." நகர்ந்தார். நகர்ந்து தூண் ஓரமாக நின்று தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார், வெளிச்சத்தில் பிடித்தால் ஏதோ தெரிந்துவிடும் என்கிற மாதிரி. தெரியவில்லை. தெரியாததில் ஒரு கோபம் வந்தது, யார் மேல் என்று இல்லாமல் வந்து, வழக்கம்போல மச்சினன் அங்கமுத்து மேல் போய் உட்கார்ந்தது. அவன் பத்தாவது படித்தவன். அவன் கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் படித்துவிடுவான். செத்தாலும் கொடுக்கமாட்டேன். அப்படி நினைத்த உடனேயே செத்தாலும் என்கிற வார்த்தை நெஞ்சில் தட்டியது. யார் செத்தாலும்? தாளை மடித்து மேல்பாக்கெட்டில் வைக்கப் போனவர், பாக்கெட்டைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அந்தப் பாக்கெட்டில் இனிமேல் எதையும் வைப்பதில்லை.

அதில்தான் சீசாவை வைத்திருந்தார். பதினாறு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை. ஊருக்கு வந்த முகாமில் நர்சம்மா பாவாயிக்குப் பரிசோதனை பண்ணி, சந்தேகமாயிருக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைபார்க்கிற மகள் கோகிலவாணி போனில் அழுதாள், "எனக்கு லீவு குடுக்கமாட்டீங்கறாங்கப்பா, நீ கூடப் போவோணும், உங்க சண்டைய அப்பறம் வெச்சுக்கோங்க." போனார். பஸ்ஸில் பாவாயி முன்னால் பொம்பளைகள் சீட்டில், இவர் கடைசியில். ஆஸ்பத்திரி வாசலில் அவள் போகிற பக்கமெல்லாம் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனார். ஓபி கம்பிக் கதவுக்கு உள்ளே ஆம்பிளைகள் போகக் கூடாது. வெளியே நின்றார். ஒரு மணி நேரம் கழித்து ஆயாம்மா ஒருத்தி வந்து, "பாவாயி கூட வந்தவங்க யாரு?" என்று கூவினாள். "நானுங்க." "என்ன வேணும் அவங்களுக்கு நீங்க?" என்ன வேணும். "வூட்டுக்காரனுங்க." ஆயாம்மா அவர் கையில் கட்டைவிரல் பெருசு பிளாஸ்டிக் சீசா ஒன்றையும் விவரம் எழுதின ஒரு பாரத்தையும் திணித்தாள். "லேப்ல குடுத்துடுங்க. பழைய பில்டிங், சாய்வுப் பாதையில ஏறி ரெண்டாவது மாடி. பன்னண்டு மணிக்குள்ள. நேரா புடிச்சுட்டுப் போங்க." சீசாவுக்குள் தண்ணி மாதிரி மருந்து, அதில் நாலு துணுக்கு மிதந்தது. நொய்யரிசி அளவு. ஒன்று வெளுப்பு, மூன்று இளஞ்சிவப்பு. பதினொரு வருசமாக முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை பேசாத பொம்பளையின் உள்ளுடம்பு, அவள் கூடப் பார்த்திராத இடம், அவர் உள்ளங்கையில் கிடந்தது. கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் மத்தியில் நடக்கக் கூச்சமாக இருந்தது. சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அது போதாதா. சாய்வுப் பாதையில் பாரம் கை நழுவிக் கீழே விழ, எடுக்கக் குனிந்தார். குனிந்து நிமிர்ந்தால் நெஞ்சில் சில்லென்று ஈரம், மூக்கில் ஏறுகிற காரநெடி, கண்ணில் தண்ணி. மூடி சரியாக இறுகவில்லை. சீசாவின் அடியில் ஒரு மயிரளவு மருந்து, துணுக்குகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு காய்கிற மாதிரி.

அப்போதே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். இந்தப் பதினாறு நாளில் எத்தனை தடவை அந்த இடத்திலிருந்து திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டார். மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப்போடும்போது திரும்பிப் போவார். பல் விளக்கும்போது திரும்பிப் போவார். "ஏனுங்கம்மா, கொட்டிப்போச்சு, கொஞ்சம் ஊத்திக் குடுங்க." ஆயாம்மா இரண்டு திட்டுத் திட்டி ஊற்றிக் கொடுப்பாள், முடிந்தது. நிஜத்தில் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் காலையில்தான் அந்த ஆயாம்மா, சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒரு கிழவரைப் பார்த்து, "எங்கிருந்துதான் வர்றீங்களோ" என்று சொல்ல, பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். பொம்பளை சிரிப்பு. அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. சாய்வுப் பாதை முடிகிற திருப்பத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. சுற்றிலும் பார்த்தார், மூடியைத் திறந்தார், கழுத்துமுட்டப் பிடித்து, இந்தத் தடவை இறுக்கி மூடினார். துணுக்குகள் மறுபடியும் மிதந்தன. பார்க்க முன்னைவிடச் சுத்தமாகக்கூட இருந்தது. லேப் ஜன்னலில் பாரத்தைப் பார்த்து ஒருவர் கேட்டார், ஏதோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டே கேட்டார். "கொழந்தைங்க எத்தனை?" "ஒண்ணுங்க." "தீட்டு நின்னு எத்தனை வருசம்?" "அஞ்சு இருக்குமுங்க." "ரத்தம் போறது எத்தனை நாளா?" ராக்கியண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரத்தமா. முகாமில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது என்றுதான் கோகிலா சொன்னாள். ரத்தம் என்று யாரும் சொல்லவில்லையே. பின்னால் வரிசை தள்ளியது. "ரெண்டு மாசமுங்க," என்றார். ஆள் எழுதிக்கொண்டார். சந்தையில் ஆட்டுக்கு வயது சொல்லுவதுபோல் எல்லாவற்றையும் அடித்துவிட்டு வந்துவிட்டார்.

இப்போது அதே சாய்வுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு. குழாய் வந்தது. ஒரு பெண் அதில் தூக்குப்போசி கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்காமல் போக நினைத்தும் பார்த்தார். வெறும் தண்ணிதானே, தண்ணி என்ன பண்ணும், தண்ணியில்தான் எல்லாம் இருக்கிறது, மீன் இருக்கிறது, வயிற்றுப் பிள்ளை இருக்கிறது. ஆனால் ரெஜினா சிஸ்டர் சொன்னது காதில் கிடந்தது. கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம், நடையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சிஸ்டர். அன்றைக்கு லேப்பில் கொடுத்துவிட்டு வந்தவரை உட்காரவைத்து, பாவாயியையும் பக்கத்தில் உட்காரவைத்து, புரிகிறதா புரிகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "கர்ப்பப்பை வாயில அமிலத்தைத் தடவிப் பார்த்தா, மாறிப்போன இடம் வெள்ளையா காட்டும். வெள்ளையா இருந்தாலே புத்துநோய்னு பயந்துக்கக் கூடாது. அதான் நாலு எடத்துல கிள்ளி எடுத்திருக்கோம். மருந்துல ஊறினா அது கெடாது. லேப்ல மெழுகுல பதிச்சு, தோலு மாதிரி சீவி, சாயம் போட்டுப் பார்ப்பாங்க. முதல் படின்னு வந்தா பெரும்பாலும் தானா சரியாயிடும், விட்டு விட்டுப் பார்த்துக்கிட்டா போதும். ரெண்டு, மூணுன்னு வந்தா அந்த எடத்தை மட்டும் எடுத்துடுவோம். மேல்தோலைத் தாண்டி அடியில இறங்கிடுச்சுன்னாதான் புத்துநோய்." இது ராக்கியண்ணனுக்குச் சொல்லாமலே புரிந்தது. மேல்மண், சுக்கான்கல், அதற்கப்புறம் பாறை. இருபத்தாறு வருசம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வடக்கே ஓடினவர் அவர். ஒவ்வொரு இரும்பு ராடு இறங்கும்போதும் குழியிலிருந்து வெளியே தள்ளுகிற பொடியைத் தகரத்தில் பிடித்து வரிசையாகக் குமித்துவைப்பார்கள், ராடுக்கு ஒரு குமி. அதைக் கிள்ளி, விரலில் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்துக்கூடப் பார்த்து, இன்னும் எத்தனை ராடில் தண்ணி என்று சொல்லுவார். படித்த முதலாளிமார் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தெரியாத ஆழத்திலிருந்து ஒரு கிள்ளு மேலே வந்தால் அதைப் படிக்கத் தெரிந்த மனுசன்தான் அவர். தாளில் எழுதினால்தான் ஆகாது.

சிஸ்டர் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். அது வேறு இடத்தில் குத்திக்கொண்டு நிற்கிறது. "இது ஒரு கிருமியால வருது. படுக்கையில ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போறது. ஊர்ல பாதிப் பேருக்கு வந்து போயிருக்கும், தெரியவே தெரியாது. சிலருக்கு இருவது முப்பது வருசம் கழிச்சு வேலையைக் காட்டும். யாரு குத்தமும் இல்ல, சொல்லி வைக்கணும்னு சொல்றேன்." பாவாயி தலை குனிந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். ராக்கியண்ணன் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தார். போபாலுக்கு அந்தாண்டை ஒரு ஊர், பேர் மறந்துவிட்டது. கம்ப்ரசர் கெட்டுப்போய், சாமான் வருகிறவரைக்கும் ஒன்பது நாள் வண்டி மரத்தடியில் நின்றது. ஒரு மத்தியானம், கூட வந்த ஆட்கள் ஒரு பொம்பளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரே தடவை. ஒரே தடவை என்று அவர் இவ்வளவு நாளும் ஒரு கல்லைப் போட்டு மூடி வைத்திருந்தார், ஒரே தடவை என்றால் ஒன்றும் இல்லாததற்குச் சமம் என்று. கோகிலா அப்போது கைக்குழந்தை. அவளுக்கு மூத்தது ஒன்று பிறந்து பதிமூன்றாம் நாள் போய்விட்டது. அதை அன்றைக்கு ஜன்னலில் கணக்கில் சொல்லாமல் விட்டுவிட்டார். சொல்லியிருக்க வேண்டும். பாவாயி பெற்றது இரண்டு. யார் குற்றமும் இல்லை என்று சிஸ்டர் சொன்னாள். யார் குற்றமும் இல்லை என்றால் அதைச் சொல்லும்போது ஏன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை? பார்த்தாளா, பார்க்கவில்லையா? பாவாயி பார்த்தாளா? பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனார். பின்னந்தலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இந்தப் பதினொரு வருசத்துக்கும் அவள் செய்தது ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அங்கமுத்துக் காட்டில் போர் போட்ட அன்றைக்கு. அறுநூறு அடி போய்விட்டது, பொடி காய்ந்து பறந்தது, திடீரென்று ஒரு ராடுக்கு ஈரப்பொடி வந்தது. ராக்கியண்ணன் கிள்ளிப் பார்த்து, "விடாத, இன்னும் பத்து ராடு, நாஞ் சொல்றேன்" என்றார். பத்தும் போனது. புகைதான் வந்தது. மேல்மண் சரியாமலிருக்க இறக்குகிற கேசிங் பைப் நீளம் பத்தாமல் போய், மேல்மண் ஈரம் கசிந்து குழிக்குள் இறங்கியிருக்கிறது, அந்த ஈரத்தைத்தான் அவர் அடித்தண்ணி என்று நினைத்துவிட்டார். அது அவர் தப்பா? கேசிங் இறக்கினவன் தப்பு. அதை அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் அங்கமுத்து, ஊரே நிற்கிறபோது, "ஏனுங்க மச்சான், உள்ளார எறங்கி எட்டிப் பார்த்துட்டு வந்தாப்புல சொன்னீங்களே, அங்கயே ஒரு முழுக்குப் போட்டுட்டும் வந்திருக்கலாமில்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதில் சோற்றுப்போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பாவாயியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது அவருக்கு ஞாபகம் இல்லை. அன்றையிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு நாள் என்று நினைத்தார். பொங்கலுக்குள் என்று நினைத்தார். அவளாகத் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்தார். அவள் ஒரு நாள் ஆட்டைப் பார்த்து, "ஏ, உங்கப்பனுக்குச் சோறு ஆறுதுன்னு சொல்லு" என்றாள். இவர் ஆட்டைப் பார்த்து, "பசியில்லைன்னு உங்காயாகிட்டச் சொல்லு" என்றார். அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த ஆடு போய், அதன் குட்டி போய், அதன் குட்டியிடம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், கேட்டுச் சிரித்து, பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். பேசாமல் இருப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது அவருக்கு, காலையில் எழுந்ததும் செய்கிற வேலை. அதை விட்டால் கையில் வேறு என்ன இருக்கிறது என்று பயமாக இருந்தது. இப்போது சாய்வுப் பாதையில் நின்று நினைத்துப் பார்த்தால் ஒரு விசயம் இடறுகிறது. அன்றைக்கும் தண்ணிதான். இருக்கக் கூடாத இடத்தில் இருந்த தண்ணி. அன்றைக்கு ஈரம் வந்து அவரை ஏமாற்றியது. இந்தத் தடவை அவரே கையால் பிடித்து ஊற்றியிருக்கிறார்.

பாவாயி நடையில் பெஞ்சின் ஓரத்தில், மஞ்சள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்துவிட்டாளா, எப்போதும் இப்படித்தானா? முகத்தை நேராகப் பார்த்து நாளாகிவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. அவளைத் தாண்டிப் போய் ரெஜினா சிஸ்டர் மேசையில் தாளை வைத்தார். மூன்றரை வரி, அதனால் நல்லதாக இருக்கலாம், ஒன்றும் இல்லையென்றால் எழுதவும் ஒன்றும் இருக்காது. போரில் தண்ணி வராவிட்டாலும் அப்படித்தான், பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். சிஸ்டர் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி படித்தாள். "என்னய்யா இது" என்றாள் தனக்குத்தானே. "ஏனுங்க?" "திசு கெட்டுப்போயிருக்காம். ஒண்ணுமே சொல்ல முடியாது, திரும்ப எடுத்து அனுப்புங்கன்னு எழுதியிருக்காங்க. இருக்குன்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. பதினாறு நாளு வீணாப்போச்சு." பெஞ்சிலிருந்து பாவாயியின் குரல் வந்தது, சின்னதாக, "மறுக்காவும் எடுக்கோணுங்களா சிஸ்டர்?" போன தடவை உள்ளேயிருந்து வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெஞ்சு வரைக்கும் நாலு எட்டு, அதற்கு இரண்டு இடத்தில் நின்றாள். இவர் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துத்தாம்மா ஆகணும், இன்னைக்கே எடுத்துடச் சொல்றேன். யாரு பண்ண வேலை இது? மருந்து ஊத்தாம குடுத்திருக்கா. சரோஜா! சரோஜாவைக் கூப்புடுங்க யாராச்சும்." அந்த ஆயாம்மா துடைப்பத்தோடு வந்தாள். "ஏண்டி, சீசாவுல பார்மலின் ஊத்தினியா, சும்மா குடுத்தியா?" "ஊத்தினேன் சிஸ்டர், கழுத்து வரைக்கும் ஊத்தினேன்." "ஊத்தினா ஏன் கெடுது? ஒரு உசுரு சமாச்சாரம், வெளையாட்டா இருக்கா உனக்கு?" சரோஜா துடைப்பத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். சிரித்த பொம்பளை இவள் இல்லை, இவள் பக்கத்தில் நின்றவள். சும்மா இருந்தால் போதும். இவள் நாலு திட்டு வாங்குவாள், சாயங்காலம் மறந்துவிடுவாள். சும்மா இருப்பது அவருக்குக் கைவந்த வேலை, பதினொரு வருசமாகப் பழகின வேலை.

"அந்தம்மா ஊத்துனாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவர் குரல்தான். "பாக்கெட்டுல வெச்சுட்டுக் குனிஞ்சேன், கொட்டிப்போச்சுங்க. நாந்தான் கொழாயில தண்ணி புடிச்சு ஊத்துனேன்." சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "தண்ணியா? தண்ணியில போட்டா அழுகிப்போகும்யா. சனிக்கிழமை மத்தியானம் குடுத்து, ஞாயித்துக்கிழமை லீவு. ரெண்டு நாளு தண்ணியில கெடந்திருக்கு. ஏன்யா சொல்லல?" அவர் பெஞ்சின் பக்கம் திரும்பவில்லை. வழக்கப்படி சிஸ்டரைப் பார்த்தே, "அவகிட்டச் சொல்லுங்க, தெரியாம..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பாவாயியும் சிஸ்டரைப் பார்த்தே சொன்னாள், "எனக்குத் தெரியுமுங்க. சட்டையத் தொவைக்கறப்பவே பாக்கெட்டு நாறுச்சு, இந்த எடத்து வாசம். என்னமோ கொட்டியிருக்குதுன்னு தெரிஞ்சுது. அவிங்களே வாயத் தொறந்து சொல்லட்டும்னு இருந்தேன்." "உனக்கும் தெரியுமா?" சிஸ்டர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே வூட்டுலதானே இருக்கீங்க?" சரோஜா, "என்னைய வெய்யறதுக்கு முன்னாடி இதைச் சொல்லியிருக்கலாமில்ல பெரியவரே" என்று சொல்லிவிட்டு, கம்பிக் கதவைத் திறந்து பிடித்தாள். பாவாயி எழுந்தாள். மஞ்சள்பையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிசம் நின்றாள். வழக்கமாகப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவாள், இவர் பார்த்துக்கொள்ளுவார், அதற்கும் பேச்சுத் தேவையில்லை. இன்றைக்கு அவர் முன்னால் வந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். பைக்குள் ஒரு மடித்த துண்டும், மாற்றுப் பாவாடையும், பழைய சேலையில் சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கின துணிகளும் இருந்தன. கை பட்டதும் என்ன என்று புரிந்து, பையின் வாயை முறுக்கி மூடினார்.

அந்தத் துணிகள். கொல்லைப்புறம் கிணற்றுமேட்டுக் கொடியில் சதுரத் துணிகள் காய்வதை அவர் பார்த்திருக்கிறார். எப்போதிலிருந்து? நினைத்துப் பார்த்தார், பிடிபடவில்லை. அடுப்படித் துணி என்று நினைத்தாரா, எதுவும் நினைக்கவில்லையா. கொடியில் துணி கிடந்தது, இவர் குனிந்து போனார், அவ்வளவுதான். உள்ளேயிருந்து இரும்புச் சாமான் தட்டில் விழுகிற சத்தம் வந்தது. பேச்சுச் சத்தம் வந்தது, "காலை நல்லா விரிம்மா, இறுக்கிக்காதே, இறுக்கினா வலிக்கும்." பிறகு அவள் குரல், வார்த்தை இல்லாமல், பிடித்து அடக்கின மூச்சு. ஒன்று. ராக்கியண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு. அவரால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. குழிக்குள் ராடு இறங்கிவிட்டால் மேலே நிற்கிறவன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மூன்று. இது நான் குடுத்த வலி. போன தடவை வலியும் நான் குடுத்ததாக இருக்கலாம், அதற்கு முன்னாடி இருக்கிறதும், அது எப்போது ஆரம்பித்ததென்று எந்த லேப்பிலும் சொல்லமாட்டார்கள். நாலு. முடிந்துவிட்டதா? நாலுதானே. ஐந்தாவதாக ஒரு மூச்சு வந்தது. போன தடவை நாலு எடுத்தார்கள், இன்றைக்கு ஏன் ஐந்து? யாரிடம் கேட்பது? சரோஜா வந்தாள். சீசாவைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். "பார்த்துக்கங்க. கழுத்து வரைக்கும். மூடி இறுக்கியிருக்கேன். நாளைக்கு என் தலையில விடியக் கூடாது." "ஆகட்டும் தாயி."

இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தார். மஞ்சள்பை முழங்கையில் தொங்கியது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். கூச்சமாகத்தான் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். குழாயைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் அதே ஆள். பாரத்தைப் பார்த்து, நோட்டைப் புரட்டி, "பாவாயி. போன தடவை வந்ததுதானே? கொழந்தை ஒண்ணு, ரத்தம் ரெண்டு மாசமா. அதையே போட்டுக்கட்டுமா?" என்றார். சரி என்று சொல்ல ஒரு தலையாட்டு போதும். "இருங்க, வந்தர்றேன்" என்றார். "சீசாவை வெச்சுட்டுப் போங்க." "இல்லீங்க, இருக்கட்டும்." சாய்வுப் பாதையில் மறுபடியும் இறங்கினார், மூச்சு வாங்க, சீசா அசையாமல். கம்பிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுவரோரம் நாலைந்து பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள், கடைசியில் பாவாயி, தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி. உள்ளே போகக் கூடாது. சரோஜாவைக் காணோம். சிஸ்டர் மேசையில் வேறு யாரோ. சொல்லி அனுப்ப ஆள் இல்லை, ஆடும் இல்லை. வாயைத் திறந்தார், என்ன கூப்பிடுவது என்று தெரியவில்லை. முன்னெல்லாம் ஏம்புள்ள என்பார். அது எங்கேயோ போய்விட்டது. "பாவாயி" என்றார். சத்தம் அதிகமாகிவிட்டது. எல்லாப் பொம்பளைகளும் திரும்பினார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். "லேப்புல கேக்கறாங்க" என்றார். "எத்தனை நாளா போவுதுன்னு." ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். சிரித்தாளா? இருக்கலாம். பாவாயி அவர் முகத்தைப் பார்த்தாள், கையில் சீசாவைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். "போன ஆடிக்கு முந்தின ஆடி" என்றாள். "இந்த ஆடி வந்தா ரெண்டு வருசம்." ராக்கியண்ணன் தலையாட்டினார். போகவேண்டும், ஜன்னலை மூடிவிடுவார்கள், கால் நகரவில்லை. "வலி இருக்குதா?" என்றார். "போங்க" என்றாள் அவள். "மணியாவுது. குனிஞ்சு கினிஞ்சு வெச்சராதீங்க."

ரெண்டு வருசம், ரெண்டு வருசம் என்று சொல்லிக்கொண்டே ஏறினார், மறந்துவிடும் என்பதற்காக இல்லை. முந்தின ஆடியில் அவர் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? மாட்டுக்கொட்டாய் கூரை மாற்றினார். அவள் கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்தாள், பேசாமல். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். சோம்பேறி என்று நினைத்தார், ஆட்டிடம் சொல்லவும் சொன்னார். ஜன்னலில் அந்த ஆள் கையை நீட்டினார். சீசாவைக் கொடுக்கும்போது விரல் விட மறுத்தது. "ரெண்டு வருசமுங்க. கொழந்தை ரெண்டு பொறந்துதுங்க, ஒண்ணு தவறிப்போச்சு. தீட்டு நின்னது மட்டும் அவளக் கேக்காம விட்டுப்போட்டேன், அதுக்கும் வேண்ணா போய்க் கேட்டுட்டு வந்தர்றேன்." அந்த ஆள் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஐந்து துணுக்கு, மெல்ல மேலும் கீழும் ஆடின. ராக்கியண்ணனும் பார்த்தார். எவ்வளவு பார்த்தாலும் அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆள் பழைய நோட்டையும் புதுப் பாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பேனாவால் ஏதோ அடித்தார். "ரெண்டு வருசம்னா அப்ப ஏன்யா ரெண்டு மாசம்னு சொன்னீங்க?"

"அப்பக் கேக்கலீங்க" என்றார் ராக்கியண்ணன்.